அடைக்கலம், விருந்து, மாற்று வீடு

தமிழில் வந்திருக்கும் பயண நூல்களில் எதை எடுத்தாலும் ஒரு கேள்விக்குப் பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை. எழுதியவர் இரவில் எங்கே படுத்தார், யார் அவருக்குச் சமைத்துப் போட்டார்கள், அவர் சாப்பிட்ட தட்டை யார் கழுவினார்கள்? கோபுரத்தின் உயரம் இருக்கும். அருவியின் இரைச்சல் இருக்கும். போன இடத்து மக்கள் சுறுசுறுப்பானவர்களா, சோம்பேறிகளா என்ற தீர்ப்பும் இருக்கும். தங்கிய வீடு மட்டும், அன்பாக உபசரித்தார்கள் என்ற ஒரு வாக்கியத்தோடு முடிந்துவிடும்.

இந்த மௌனம் தற்செயலானது என்று நான் நினைக்கவில்லை. நம்முடைய பயண எழுத்து அடிப்படையில் விருந்தாளியின் எழுத்து. விருந்தாளிக்கு மரியாதை உண்டு, சுதந்திரம் கிடையாது. அவன் அடுக்களைக்குள் போக முடியாது. உப்புக் குறைவு என்று சொல்ல முடியாது. உண்ட வீட்டைப் பற்றி உண்மையை எழுதினால் அது துரோகமாகிவிடும். அவன் செய்யக்கூடியது நன்றி சொல்வது ஒன்றுதான். நன்றி ஒரு நல்ல குணம். ஆனால் நன்றியைக் கொண்டு இலக்கியம் செய்ய முடியாது. பார்த்ததைப் பார்த்தபடி சொல்லும் உரிமை எழுத்தாளனுக்கு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி, அவன் எந்தக் கூரையின் கீழ், எந்த நிபந்தனையின் பேரில் தூங்கினான் என்ற கேள்வியோடு பிணைந்தது.

ஜனரஞ்சகப் பத்திரிகைகளின் பயணத் தொடர்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை. மணியன் வெளிநாடு போய் வந்து எழுதிய தொடர்களுக்கு லட்சக்கணக்கில் வாசகர்கள் இருந்தார்கள். அவர்கள் கேட்டது அவர்களுக்குக் கிடைத்தது. அதோடு நமக்குச் சண்டையில்லை. தீவிரமாக எழுதியவர்களிடமும் இதே மௌனம் ஏன் என்பதே என் பிரச்னை. இதை யோசிக்க ஒரு வெளிநாட்டுப் பழக்கம் எனக்கு உதவியது. வீட்டை மாற்றிக்கொண்டு பயணம் செய்வது என்பது அந்தப் பழக்கம்.

2

உன் வீட்டில் நான், என் வீட்டில் நீ, வாடகை கிடையாது, பத்து நாள், ஒரு மாதம், சில சமயம் ஒரு பருவம் முழுவதும். மேற்கில் இது ஒரு இயக்கமாகவே நடக்கிறது. 1986இல் ரோமாபுரியின் ஸ்பானியச் சதுக்கத்தில் மெக்டொனால்டு கடை வந்ததை எதிர்த்தவர்களிடமிருந்து, அவசர உணவுக்கு மாற்றாக நிதான உணவு என்ற கோஷம் பிறந்தது. அதன் வழியே நிதான நகரம், நிதானப் பயணம் என்பவை வந்தன. எட்டு நாட்களில் ஐந்து தேசம் பார்ப்பதை விட்டு, ஒரே ஊரில் ஆற அமர இருந்து, அங்கேயே காய்கறி வாங்கிச் சமைத்து, அந்த ஊரின் அலுப்பையும் சேர்த்து அனுபவிப்பது அதன் லட்சியம். லாட்ஜில் ஒரு மாதம் இருக்க எல்லோரிடமும் பணம் இருக்காது. ஆகவே மாற்று வீடு அதற்கு இயல்பான துணையாயிற்று.

ஆனால் வீட்டுப் பரிமாற்றம் இந்தக் கோஷத்தைவிட வயதில் மூத்தது. 1953இல் ஐரோப்பியப் பள்ளி ஆசிரியர்கள் சிலர் தங்களுக்குள் தொடங்கிய ஏற்பாடு அது. இன்டர்வாக் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. காரணம் எளிமையானது. ஆசிரியர்களுக்கு விடுமுறை நீளம், சம்பளம் குட்டை. சுற்றுலா வியாபாரத்தின் கற்பனையில் அது உதிக்கவில்லை. நடுத்தர வர்க்கத்துக் கைமுடையில் உதித்தது.

ஆசிரியர்கள் என்ற விவரத்தை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஒரே தொழில், ஏறக்குறைய ஒரே வருமானம், ஒரே மாதிரி அலமாரி, அதில் ஒரே மாதிரிப் புத்தகங்கள். முன்பின் தெரியாதவரிடம் சாவியைக் கொடுக்க அவர்களால் முடிந்தது. அந்த மற்றவர் உண்மையில் முன்பின் தெரியாதவர் அல்ல, தன்னுடைய பிரதி. பரிமாற்றத்துக்கு முன்பே அங்கே சமானம் இருந்தது. இப்போது இதை நடத்துகிற பெரிய நிறுவனங்கள் புள்ளிக் கணக்கு வைத்திருக்கின்றன. யார் வீட்டில் யார் எப்போது இருந்தாலும் சரி, இத்தனை கட்டில், இன்ன ஊர், இன்ன வசதி என்று வீட்டுக்கு மதிப்புப் போட்டுப் புள்ளி தருகிறார்கள். பணம் வேண்டாம் என்று தொடங்கியது வேறொரு நாணயத்தில் வந்து நிற்கிறது. 2006இல் ஹாலிவுட் இதை வைத்து ஒரு காதல் படமும் எடுத்துவிட்டது. அதற்குமேல் அதில் நமக்கு வேலையில்லை.

எனக்கு வேண்டியது அந்த ஆசிரியர்களின் ஆதார எண்ணம். மாற்று வீட்டில் இருப்பவன் யாருக்கும் நன்றிக் கடன் பட்டவன் அல்ல. அவன் வீட்டில் வேறொருவன் இருக்கிறான், கணக்கு நேர். அவனே சமைக்கிறான், அவனே பெருக்குகிறான், குழாய் ஒழுகினால் அவனே ஆள் தேடுகிறான். விருந்தாளிக்கு மூடியிருக்கும் அடுக்களை அவனுக்குத் திறந்திருக்கிறது. ஊரைப் பற்றிப் பேச அவனுக்கு ஒரு தகுதி வந்துவிடுகிறது. இந்த எண்ணத்தை நம் மரபின் முன்னால் வைத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது?

3

நம் பழைய இலக்கியத்தில் பயணம் என்றால் முதலில் ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் பாதி அது. சிறுபாணாற்றுப்படையிலும் பெரும்பாணாற்றுப்படையிலும் பாணன் வழிநெடுக வீடு வீடாகச் சாப்பிட்டுக்கொண்டே போகிறான். பரதவரிடம் மீன், எயினரிடம் இறைச்சி, உழவரிடம் நெல்லுச்சோறு, அந்தணர் மனையில் சோற்றுக்கு மாவடு. எந்த நிலத்தில் எந்த வீட்டில் என்ன கிடைக்கும் என்பதே வழி சொல்லும் முறை. இந்தப் பாடல்களைப் பற்றி நம் தமிழாசிரியர்கள் வள்ளன்மை என்று பூரித்துப்போவார்கள். எனக்குப் படும் விஷயம் வேறு. பாணனை எந்த வீடும் நீ யார் என்று கேட்பதில்லை. அவன் பசித்தவன், யாழ் வைத்திருப்பவன்; அது போதும். ஆனால் இங்கும் கணக்கு நேராக இல்லை. பாணன் பதிலுக்குத் தருவது புகழ். கொடுத்தவனைப் பாடுகிறான். விருந்தாளியின் எழுத்து அங்கேயே தொடங்கிவிடுகிறது.

அடுத்தது சிலப்பதிகாரம். புகாரிலிருந்து மதுரை வரை நடக்கும் அந்த மூவரின் பயணம்தான் தமிழில் நிதானப் பயணத்தின் தலையாய உதாரணம். அந்த நிதானம் கண்ணகியின் பழக்கமில்லாத கால்களால் வந்தது, கொள்கையால் வந்ததல்ல. காடுகாண் காதையில் அவர்கள் இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தின் வழியாகத்தான் போகிறார்கள். எதிரே வரும் மாங்காட்டு மறையோன், கொடும்பையில், அதாவது கொடும்பாளூரில், பாதை மூன்றாகப் பிரியும் என்கிறான். ஒரு வழியில் அதிசயப் பொய்கைகள் இருக்கின்றன, முழுகினால் இன்னின்ன பலன் என்று அவன் நீளமாகச் சொல்கிறான். கவுந்தி அவற்றில் தங்களுக்கு வேலையில்லை என்று மறுத்துவிடுகிறாள். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலோடு வருகிற முதல் வழிகாட்டி அவன். அதை வேண்டாம் என்று சொல்லும் முதல் பயணி கவுந்தி. மூவர் கோயிலைப் பார்க்கக் கொடும்பாளூருக்கு வருகிறவர்கள் இதை நினைத்துக்கொண்டால் நல்லது.

இந்தப் பயணம் முடிவது கோயிலிலோ அரண்மனையிலோ அல்ல, ஓர் இரவல் வீட்டில். மதுரைக்கு வெளியே கவுந்தி அவர்களை மாதரி என்ற இடைச்சியிடம் ஒப்படைக்கிறாள். மாதரி தனியாக ஒரு சிறு மனையை விட்டுக்கொடுக்கிறாள். அவர்கள் சமண நோன்பினர் என்பதால் புதுப் பாத்திரங்கள், காய்கறி, அரிசி, நெய் எல்லாம் தருகிறாள், சமைத்துப் போடவில்லை. கண்ணகியே சமைக்கிறாள். அரிந்து பழகாத அந்த விரல்கள் சிவக்கின்றன. அடுப்பின் சூட்டில் முகம் வியர்க்கிறது. காப்பியம் முழுவதிலும் கண்ணகியும் கோவலனும் தம்பதிகளாக நமக்குத் தெரிவது அந்த ஒரு வேளைச் சோற்றில்தான். வேறொருவர் வீட்டில், தன் கையால் சமைத்த உணவில். இளங்கோவுக்கு இது தெரிந்திருந்தது. பயணத்தின் சாரத்தை அவர் வழியில் தேடவில்லை, அடுக்களையில் கண்டார்.

ஆனால் அந்த வீடு எப்படிக் கிடைத்தது? ஒருவர் ஜாமீன் சொன்னதால். அந்தப் பகுதிக்குப் பெயரே அடைக்கலக் காதை. கவுந்தியின் வார்த்தை இல்லாமல் மாதரியின் வாசல் திறந்திருக்காது. அதற்கு மாதரி கொடுத்த விலையும் கொஞ்சமல்ல. அடைக்கலம் காக்க முடியாமல் போனதற்காக அவள் தீயில் விழுந்தாள் என்று வஞ்சிக் காண்டத்தில் தெரிகிறது. பாணனுக்குப் பசி போதுமாக இருந்தது. கோவலனுக்கு ஜாமீன் தேவைப்பட்டது.

மூன்றாவது படி பெரியபுராணம். ஞானசம்பந்தரோடு யாழ் வாசித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். சாத்தமங்கையில் திருநீலநக்கர் என்ற அந்தணரின் வீட்டில் எல்லாரும் தங்குகிறார்கள். பாணருக்கும் அவர் மனைவிக்கும் இடம் கொடுக்கச் சம்பந்தர் சொல்கிறார். நீலநக்கர் வீட்டின் நடுவே, வேள்விக் குண்டத்துக்குப் பக்கத்திலேயே இடம் கொடுக்கிறார். அப்போது தீ வலமாகச் சுழன்று எழுந்தது என்று சேக்கிழார் சொல்கிறார். தீக்கு அவமானம் இல்லை, அது மகிழ்ந்தது என்று பொருள்.

பக்தர்கள் இதில் சமத்துவம் காண்பார்கள். கண்டுவிட்டுப் போகட்டும். விமர்சகன் பார்க்க வேண்டியது, ஒரு பாணன் ஒரு வீட்டுக்குள் ஓர் இரவு படுப்பதற்கு 12ஆம் நூற்றாண்டில் ஓர் அற்புதம் தேவைப்பட்டது என்பதை. பெரும்பாணாற்றுப்படையில் அதே பாணன் அந்தணர் வீட்டில் மாவடுவோடு சாப்பிட்டுவிட்டு அடுத்த வீட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தான். பசி, ஜாமீன், அற்புதம்: இந்த மூன்று படிகளில் தமிழ் வீடு எப்படி மூடிக்கொண்டது என்பதன் சரித்திரம் இருக்கிறது. வீடு மூடிக்கொண்ட பிறகு பயணிக்கு மிஞ்சியவை சத்திரமும் திண்ணையும். அவற்றிலிருந்து பார்த்தால் தெருவும் கோபுரமும்தான் தெரியும்.

4

நவீனப் பயண எழுத்து இந்தத் திண்ணையிலிருந்து இறங்கவில்லை. ஏ.கே. செட்டியாரின் 'உலகம் சுற்றும் தமிழன்' 1940இல் வந்தது. அவரைப்போல் சுற்றியவர் தமிழில் இல்லை. காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காகக் கண்டம் விட்டுக் கண்டம் அலைந்தவர். மற்றவர்கள் எழுதிய பயணக் கட்டுரைகளையும் தேடிச் சேர்த்து 1968இல் 'தமிழ்நாடு' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார். அந்தப் புத்தகம் இல்லாவிட்டால் நமக்கு ஒரு நூற்றாண்டின் சாலைகள் தெரிந்திருக்காது. அவரிடம் தற்பெருமை கிடையாது. தன்னைத் துடைத்துவிட்டு விஷயத்தைச் சொல்கிறார். இந்தத் துடைப்பு அபூர்வமான நாகரிகம். ஆனால் அதோடு அவர் தங்கிய வீடுகளும் துடைக்கப்பட்டுவிட்டன. ஆள் இல்லாவிட்டால் அவன் படுத்த பாய் மட்டும் எப்படி இருக்கும்?

சிட்டியும் ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' (1971) இதற்கு நேர் எதிர். அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். பேச்சு, கிண்டல், சங்கீதம், காப்பி எல்லாம் இருக்கின்றன. நம் மொழியில் வந்த பயண நூல்களில் திரும்பப் படிக்கத்தக்கவை என்று பட்டியல் போட்டால் இது முதல் வரிசையில் வரும். இருந்தாலும் நதி நகர்ந்துகொண்டே இருக்கிறது, அவர்களும் நகர்ந்துகொண்டே இருக்கிறார்கள். ஜானகிராமனின் நாவல்களில் அடுக்களைக்கும் கூடத்துக்கும் இடையிலுள்ள பத்தடி தூரத்தில் எத்தனை நடக்கிறது! பயணத்தில் அந்தக் கண் பாதி மூடிக்கொள்கிறது. வீட்டுக்காரனாக இருந்தபோது பார்த்ததை விருந்தாளியாக இருக்கும்போது பார்ப்பது நாகரிகமல்ல என்று அந்தத் தஞ்சாவூர் மனம் நினைத்ததோ என்னவோ.

விதிவிலக்கு அசோகமித்திரனின் 'ஒற்றன்!' (1985). 1973இல் அயோவா பல்கலைக்கழகத்தின் சர்வதேச எழுத்தாளர் திட்டத்தில் சில மாதங்கள் இருந்த அனுபவத்திலிருந்து எழுந்தது. நாவலா, பயண நூலா என்று பலர் கேட்டார்கள். பயண நூல் என்றால் என்ன என்பதில் நாம் பழகிப்போனதால் வந்த கேள்வி அது. அதில் பார்க்க வேண்டிய இடங்கள் கிடையாது. ஒரு கட்டடம், அதில் உலகின் மூலைகளிலிருந்து வந்து குடியிருக்கும் எழுத்தாளர்கள், குளிர், தனிமை, அசட்டுக் கோபங்கள், அற்பமான சமையல் ஏற்பாடுகள். அமெரிக்காவைப் பற்றி ஒரு தீர்ப்பும் இல்லை, ஆனால் அமெரிக்கா இருக்கிறது.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? அசோகமித்திரனின் திறமை என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு அந்தக் குடியிருப்பின் அமைப்பும் ஒரு காரணம் என்று படுகிறது. அங்கே யாரும் யாருக்கும் விருந்து படைக்கவில்லை. எல்லோரும் அந்நியர், எல்லோருக்கும் ஒரே மாதிரி அறை. யாரையும் புகழ வேண்டிய கடன் யாருக்கும் இல்லை. வீட்டுப் பரிமாற்றத்தின் ஆதாரமான அந்தச் சமானம் அங்கே வேறொரு வழியில் கிடைத்தது. உண்மை சொல்லும் சுதந்திரம் அதிலிருந்து வந்தது.

5

இது வெறும் நூலகத்து ஆராய்ச்சியாக நின்றுவிடக் கூடாது என்பதற்காக என் அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு, திருமயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் ஆசிரிய நண்பரும் நானும் 24 நாட்கள் வீடு மாற்றிக்கொண்டோம். அவர் குடும்பத்தோடு என் சென்னைக் குடியிருப்பில். நான் அவர் ஓட்டு வீட்டில். நிறுவனம், புள்ளி ஒன்றும் கிடையாது. ஒரு தாளில் அவர் எழுதி வைத்திருந்தார்: தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் விடிவதற்கு முன் வரும், மோட்டார் சுவிட்சை ஈரக் கையால் தொடாதே, பால்காரரிடம் பாக்கி இல்லை, மாடத்தில் விளக்கு ஏற்றுவது உன் இஷ்டம்.

திருமயம் கோட்டை 1687இல் சேதுபதி கட்டியது. அதன் அடிவாரத்தில் ஒரே பாறையில் சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் அடுத்தடுத்துக் குடைந்த கோயில்கள். இரண்டு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறார்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு கோட்டை என் கண்ணில் படவில்லை. தண்ணீர்தான் கண்ணில் பட்டது. இந்த மாவட்டத்தின் சாலைகளில் பஸ்ஸில் போனால் மைல் கணக்கில் பசுமை தெரியும், தைலமரம். ஜன்னல் வழியே பார்ப்பவன் காடு என்று எழுதுவான். விடியுமுன் குடத்தோடு நின்றால் அதே தைலமரத்தைப் பற்றி வேறு பேச்சுக் கேட்கும். அது வந்த பிறகு கண்மாய்க்கு வரத்துப் போயிற்று, கிணறு இறங்கிற்று என்கிறார்கள். அழகு என்று ஒன்றைச் சொல்வதற்கு எத்தனை நாள் தங்கியிருக்க வேண்டும் என்ற கணக்கு எனக்கு அங்கே தோன்றியது.

அடுத்த வீட்டு அப்பத்தாவிடம்தான் சாவி இருந்தது. முதல் நாளே கேட்டார்:

"தம்பி, நீங்க வாத்தியாருக்கு என்ன வேணும்?"

"பிரெண்டுங்க."

"அது சரி. என்ன வேணும்?"

இந்தக் கேள்விக்குத் தமிழில் பதில் இல்லை. உறவினன், விருந்தாளி, குடித்தனக்காரன், காவல்காரன் என்று ஒரு வீட்டில் இருப்பவனுக்கு நம்மிடம் சொற்கள் உண்டு. வீட்டை மாற்றிக்கொண்டு வந்திருப்பவனுக்குச் சொல் இல்லை. சொல் இல்லாத இடத்தில் நிற்பது எழுதுகிறவனுக்கு நல்லது என்று மகிழ்ந்துகொண்டிருந்தேன். சில நாள் கழித்துப் பேச்சுவாக்கில், "நீங்க என்ன ஆளுக?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "வாத்தியாரு சொன்னாருதான்" என்று முடித்துக்கொண்டார்.

நண்பர் சாவியோடு என் சாதியையும் ஒப்படைத்துவிட்டுத்தான் போயிருந்தார். அவரைக் குற்றம் சொல்லவில்லை; அந்தத் தெருவில் அவர் திரும்பி வந்து வாழ வேண்டும். கவுந்தி செய்ததும் அதுதான். பரிமாற்றம் என்று நாங்கள் நினைத்தது அந்தத் தெருவின் கணக்கில் அடைக்கலம். நண்பருடைய பள்ளியிலேயே கவிதை எழுதுகிற இன்னொரு ஆசிரியர் இருக்கிறார், தலித். அவருக்கு அந்தத் தெருவில் வாடகைக்கே வீடு கிடைக்கவில்லை. வாடகை கொடுத்தும் நுழைய முடியாத வீட்டை அவர் யாரோடு மாற்றிக்கொள்வது? சென்னை இதில் ஒரு படி மேல் என்று யாரும் எண்ண வேண்டாம். என் குடியிருப்பில் நண்பரிடம் யாரும் வாய்விட்டு ஒன்றும் கேட்கவில்லை. காவலாளியின் நோட்டில் பெயர், ஊர், அட்டை எண் எழுதிக்கொண்டார்கள். தெருமுனையில் 'வீடு வாடகைக்கு, சைவம் மட்டும்' என்று ஒரு பலகை தொங்குகிறது. அப்பத்தாவின் கேள்விதான் அது, கூச்சப்பட்ட தமிழில்.

2022 டிசம்பரில் இதே மாவட்டத்தில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியர் அங்கே தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருப்பதையும், அந்த மக்கள் கோயிலுக்குள் விடப்படவில்லை என்பதையும் கண்டார். குவளையையே மாற்றிக்கொள்ள முடியாத இடத்தில் வீட்டை மாற்றிக்கொள்வதைப் பற்றி நான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

கடியாபட்டி, ராயவரம், கோனாபட்டு, நச்சாந்துபட்டி என்று இந்த மாவட்டத்தின் தெற்கில் இருக்கும் நகரத்தார் வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி. யார் எந்தக் கட்டுவரை வரலாம் என்பதை வீட்டின் வரைபடமே தீர்மானித்துவிடுகிறது. வாயால் சொல்ல வேண்டியதில்லை. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் ஈட்டிய பணத்தில் கட்டியவை. 1942இல் ஜப்பான் பர்மாவுக்குள் நுழைந்த பிறகு அந்தப் பணத்தின் ஊற்று வற்றியது. இன்று பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. கல்யாணத்துக்கும் படைப்புக்கும் திறப்பார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் எத்தனையோ பங்காளிகள். கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அறையில் பாத்தியதை. எல்லோருக்கும் சொந்தமான வீட்டை யாரும் யாருக்கும் கொடுக்க முடியாது. கடியாபட்டியில் ஒரு வீடு இப்போது தங்கும் விடுதியாகியிருக்கிறது. காசு கொடுப்பவன் எந்தக் கட்டுவரையும் போகலாம். நூறு ஆண்டுகளாகச் சாதியால் மூடியிருந்த இரண்டாங்கட்டைப் பணம் திறந்துவிட்டது. இதில் எனக்கு மகிழ்ச்சியும் இல்லை, துக்கமும் இல்லை. ஆனால் அடுப்படி காட்சிப் பொருளான வீட்டில் தங்குவதை நிதானப் பயணம் என்று விற்கும்போது சிரிப்பு வருகிறது.

சித்தன்னவாசல் மலையில் ஏழடிப்பட்டம் என்ற குகை இருக்கிறது. ஓவியம் பார்க்க வருகிறவர்களில் பலர் அதுவரை ஏறுவதில்லை. அங்கே சமணத் துறவிகளுக்காகச் செதுக்கிய கல்படுக்கைகள் உண்டு. ஒன்றின் பக்கத்தில் தமிழ்ப் பிராமியில் ஒரு செய்தி. எருமி நாட்டில் பிறந்த ஒருவருக்கு, வேறோர் ஊரைச் சேர்ந்த இளையர் என்பவர் செய்து கொடுத்த இருக்கை அது என்கிறது. எருமி நாடு என்பது மைசூர்ப் பக்கம் என்கிறார்கள். எங்கிருந்தோ வந்த ஒருவனுக்கு இங்கிருந்த ஒருவன் படுக்க இடம் செய்து கொடுத்தான் என்பதே இந்த மாவட்டத்தின் மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று சொல்லும் சேதி. இரண்டாயிரம் ஆண்டுக் கல் அது. மனம் நெகிழத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் படுக்கை ஊருக்குள் இல்லை, மலைமேல் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். துறவிக்கு அது வசதி. ஊருக்கும் அது வசதி.

6

நம் சிறுபத்திரிகை உலகம் ஒருவர் வீட்டில் ஒருவர் தங்கியே வளர்ந்தது. நாகர்கோவிலில் சுந்தர ராமசாமியின் வீடு பல தலைமுறை எழுத்தாளர்களுக்குத் திறந்திருந்ததை அறியாதவர் இல்லை. அவ்வளவு பெரிய மனம் இல்லாவிட்டாலும் ஊருக்கு ஒரு வீடு அப்படி இருந்தது, இருக்கிறது. இதை நாம் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் பொதுவாக அந்த வீடுகளில் இலக்கியம் கூடத்தில் நடந்தது, காப்பி உள்ளேயிருந்து வந்தது. உள்ளேயிருந்து கொண்டுவந்தவரின் பெயர் நம் நினைவுக் குறிப்புகளில் அரிதாகத்தான் இருக்கும். விருந்தோம்பல் என்ற நம் பெருமைக்கு வேலை செய்தவள் ஒருத்தி, புகழ் பெற்றவன் ஒருவன். மாற்று வீட்டில் அந்த ஒருத்திக்கு வேலையில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே நம் வட்டத்தில் அது நடந்து பார்க்கத் தகுந்தது.

ஆனால் நமக்குள்ளேயே, அலமாரியில் ஒரே புத்தகங்கள் இருக்கும் வீடுகளுக்குள்ளேயே மாற்றிக்கொண்டால் அது 1953ஆம் ஆண்டு ஆசிரியர்களின் ஏற்பாட்டுக்கு மேல் போகாது. அவர்களுக்குச் சமானம் கையில் இருந்தது; அதை வைத்து வீட்டை மாற்றிக்கொண்டார்கள். நமக்குச் சமானம் கையில் இல்லை. இருப்பதுபோல் பாவனை செய்துகொண்டு எழுதுகிறோம். யாரோடு வீட்டை மாற்றிக்கொள்ள என் மனம் தயங்குகிறது, யார் என் அடுக்களையில் உலை வைப்பதை நினைத்தால் எனக்குள் ஏதோ சுருங்குகிறது என்று ஒவ்வொருவரும் தனியாக உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டுப் பார்க்கலாம். அதைப் பிரசுரிக்க வேண்டாம். அந்தப் பட்டியலில் இருப்பவர்களைப் பற்றித்தான் நாம் இத்தனை நாளும் மனிதாபிமானத்தோடு கதை எழுதி வந்திருக்கிறோம்.